பூமணிக்காக எழுதிய உறுதி

தம்பி,

நீ உன் அம்மாவுக்கு எழுதிய கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரியும். அவளுக்கு வரும் கடிதத்தை வாசிக்கிறவன் நான் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டுதான், "ஐயாவின் காணி உறுதியில் நான் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று அவருக்குச் சொல்லிவிடுங்கோ" என்று அவளுக்கு எழுதியிருக்கிறாய். குசினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த வரியை என் வாயாலேயே வாசித்தேன். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு மற்றதை வாசிக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். விடவில்லை. அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு, "உங்களுக்குச் சொல்லட்டாம். கேட்டுட்டியளோ?" என்றாள். கேட்டுவிட்டேன். இது அதற்குப் பதில். இதை அவளுக்கு நான் வாசித்துக் காட்டப்போவதில்லை.

தைப்பொங்கலுக்கு வந்த நீ பொங்கலுக்கு மறுநாளே போனாய். பொங்கலன்று, உறுதி எழுதுகிற நொத்தாரிசு தந்த நகலை நான்தான் அலுமாரியிலிருந்து எடுத்து உன் கையில் தந்தேன். நின்றபடியே வாசித்தாய். ஆறு வாசகங்களையும் வாசித்து முடிக்குமுன் உன் முகம் மாறிவிட்டது. "தண்ணீரூற்றுக் காணியை விக்கக் கூடாது, ஈடு வைக்கக் கூடாது, சீதனமாய்க் குடுக்கக் கூடாது, ரெண்டு பேரும் சேராமல் ஒண்டும் செய்யக் கூடாது. என்னைக் கள்ளன் எண்டு சொல்ல நொத்தாரிசுக்கும் காசு குடுத்தனீங்களோ ஐயா?" என்று கேட்டாய். நான் "ஓம், எழுதினது எழுதினதுதான்" என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று உன் அம்மா இன்றுவரை சொல்கிறாள். சொன்னது தவறென்று எனக்குத் தோன்றவில்லை. சொன்ன நேரம்தான் தவறு. மறுநாள் விடிய நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளிநொச்சி ரயில் ஸ்ரேசனுக்கு நடந்தாய். உன் தங்கச்சி பூமணி படலை வரை உன் பின்னால் ஓடினாள். நான் முற்றத்தில் நின்றேன். கூப்பிட்டிருந்தால் நீ திரும்பியிருப்பாயோ தெரியாது. ஐந்து மாதமாக அந்தக் கேள்வியோடுதான் வாய்க்காலுக்குப் போய் வருகிறேன்.

அந்த உறுதியில் என்ன இருக்கிறது என்பதைக் கோபமில்லாமல் இன்னொருமுறை கேள். நாங்கள் இருக்கிற இந்தக் கிளிநொச்சி வயல் அரசாங்கம் குடியேற்றத்தில் தந்த பெர்மிட் காணி. அதைப் பிரிக்க ஏலாது. எனக்குப் பிறகு ஒருவருக்குத்தான் போகும். அதற்கு உன் பெயரைக் கொடுத்திருக்கிறேன். நீ கொழும்பில் கந்தோர் உத்தியோகக் கதிரையை விட்டு வந்து சேற்றில் இறங்கமாட்டாய் என்று தெரிந்தும் கொடுத்தேன், ஏனென்றால் நீ என் மகன். தண்ணீரூற்றுக் காணி வேறு. அது முல்லைத்தீவுப் பக்கம்; நானும் உன் அம்மாவும் உழைத்துத் தேடிய தேட்டம். குளம் வற்றுகிற வருசத்திலும் அங்கே கிணறு வற்றாது. தென்னை, கமுகு, ஒரு சின்ன வீடு. அதைப் பூமணிக்காக வைக்கிறோம். ஆனால் அவள் பெயரில் அல்ல. நீயும் முல்லைத்தீவு மரியாம்பிள்ளையும் நம்பிக்கைப் பொறுப்பாளர்களாக அதை வைத்திருக்க வேண்டும். வருமானம் அவள் சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் மருந்துக்கும். அவள் உயிரோடிருக்கும்வரை அந்த வீட்டிலிருந்து அவளை எவரும் எழுப்ப முடியாது. அவள் காலத்துக்குப் பிறகு உன் பிள்ளைகளுக்கு.

ஏன் அவள் பெயரிலேயே எழுதவில்லை என்று நீ கேட்டாய். அவளுக்கு நாலு வயதில் வந்த மலேரியாக் காய்ச்சலை நீ மறந்திருக்கமாட்டாய். கொயினா மருந்தும் கசாயமும் மாறிமாறிக் கொடுத்தோம். உயிர் தங்கியது, அறிவு அந்த வயதிலேயே நின்றுவிட்டது. இப்போது இருபத்தாறு வயது. கோழி ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், மாட்டுக்குத் தண்ணீர் வைக்க ஒருநாளும் மறக்கமாட்டாள். ஆனால் கேட்டவருக்கு இல்லையென்று சொல்லத் தெரியாது. போன வருசம் புடைவை விற்க வந்தவன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "பிள்ளை, வளையல் வடிவாயிருக்கு" என்றானாம். கழற்றிக் கொடுத்துவிட்டாள். "அவருக்கு விருப்பமாம், ஐயா" என்று என்னிடம் சந்தோசமாகச் சொன்னாள். அவள் பெயரில் காணி இருந்தால், ஒருவன் வந்து காணி வடிவாயிருக்கிறது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அவளைக் கட்டுகிறேன் என்று வந்து, பெருவிரல் அடையாளத்தை வாங்கிக்கொண்டு போகிறவனும் உண்டு.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். சட்டம் எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. பழைய உறுதிகளை எழுத்தெழுத்தாக வாசித்தும், நொத்தாரிசுமாரின் விறாந்தையில் காத்திருந்து மற்றவர்களின் வழக்குக் கதைகளைக் கேட்டும் அறிந்ததுதான். இந்த வழி எனக்குத் தோன்றியது எங்கள் பிள்ளையார் கோயில் வயலைப் பார்த்து. வயல் பிள்ளையாருடையது. ஆனால் அவர் வந்து விதைப்பதுமில்லை, அறுப்பதுமில்லை. கோயிலை நடத்துகிற மணியகாரர் அதைச் செய்விக்கிறார். நெல் கோயிலுக்குப் போகிறது. மணியகாரர் தன் மகளுக்கு அந்த வயலைச் சீதனம் கொடுக்க முடியாது. முல்லைத்தீவு நொத்தாரிசிடம் போய், "என்ரை மகளைப் பிள்ளையாராய் வைச்சு ஒரு உறுதி எழுத ஏலுமோ?" என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஏலும். அதுக்குச் சட்டத்திலை வழி இருக்கு. ஆனால் மணியகாரர் ஆர்?" என்றார். யோசிக்காமல் உன் பெயரைச் சொன்னேன். முதல் பெயராக உன் பெயரைத்தான் எழுதுவித்தேன் என்பதை நீ கவனிக்கவில்லை.

"ஒருத்தர் மட்டும் காணாது. ரெண்டாவது ஆள் சொந்தக்காரராய் இருக்கிறது நல்லதில்லை" என்று அவர் சொன்னார். அப்போது மரியாம்பிள்ளையைச் சொன்னேன். அதுதான் உனக்குக் கூடுதலாகக் குத்தியது. "கரைவலை இழுக்கிற வேதக்காரரோடை நிண்டு நான் கையெழுத்து வைக்கிறதோ?" என்று கேட்டாய். நல்லவேளை அவர் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார். அந்த மனிதரை இருபது வருசமாகத் தெரியும். நான் நெல் கொண்டுபோவேன், அவர் கருவாடு தருவார். தண்ணீரூற்றில் வேலி விழுந்தால் எனக்குச் சொல்லியனுப்புமுன் கட்டிவிடுவார். ஆனால் நல்லவர் என்பதற்காக மட்டும் அவரைத் தெரிந்தெடுக்கவில்லை. அவர் கிறிஸ்தவ வேதம், நாங்கள் சைவம். அவர் வீட்டுப் பிள்ளை எங்கள் வீட்டில் கலியாணம் செய்யப்போவதில்லை. எங்கள் காணியைப் பார்த்து இது நாளைக்கு என் மகளுக்கு வரும் என்று அவர் வீட்டில் ஒருவரும் நினைக்க வழியில்லை. எங்கள் சொந்தத்தில் அப்படி நினைக்காத ஒருவரின் பெயரைச் சொல், அவரைப் போடுகிறேன். இந்தப் பொறுப்பைக் கேட்டபோது அவர் சொன்னது: "எனக்குக் கடல் இவ்வளவு பெரிசாய்க் கிடக்கு, அண்ணை. உங்கடை தென்னையிலை ஏறுற வயசும் போட்டுது. பயமில்லாமல் எழுதுங்கோ."

இதுவரை எழுதியது எல்லாம் உனக்கு முன்பும் சொன்னதுதான். இனி எழுதப்போவது உன் அம்மாவைத் தவிர வேறொருவருக்கும் தெரியாது. இதைப் பொங்கலன்று சொல்லியிருந்தால் நீ நின்றிருப்பாய். எனக்கு வாய் வரவில்லை.

போன புரட்டாதியில் என் தங்கச்சி, உன் சின்னமாமி, செத்தபோது நீ வந்தாய். எல்லாம் முடிந்து ஆட்கள் போனபிறகு என் பக்கத்தில் வந்திருந்து, "மாமியை இவ்வளவு காலமும் வைச்சுப் பார்த்தியள் ஐயா. ஆரும் செய்யமாட்டினம். பெரிய தர்மம்" என்றாய். அன்பாகத்தான் சொன்னாய். நீ வளர்ந்த பிறகு என்னைப் புகழ்ந்து சொன்னது அது ஒன்றுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்து நீ என் தோளில் கை வைத்தாய். அந்தக் கையை எடு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

அவள் என் தயவில் இருந்தவளல்ல. என் தகப்பனாருக்கு யாழ்ப்பாணத்தில் இரண்டு தோட்டம் இருந்தது. ஒன்று எனக்கு, மற்றது தங்கச்சியின் கலியாணத்துக்கு. அவர் படுக்கையில் விழுந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. இரண்டையும் என் பெயரில் எழுதுவித்தார். எழுத வந்த நொத்தாரிசு கேட்டார்: "பெட்டையின்ரை பங்கு இதிலை இருக்கெண்டு ஒரு வரி போடுவமோ?" என் தகப்பனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் நடுவிலை எழுத்து என்னத்துக்கு? நாங்கள் என்ன அந்நியரோ?" என்றார். எனக்கு அது பெருமையாக இருந்தது. எங்கள் ஆட்களிடம் அப்படித்தான். நம்பிக்கை என்றால் எழுதக் கூடாது. எழுதினால் நம்பவில்லை என்று அர்த்தம். பொங்கலன்று நீ என்னிடம் கேட்டதும் அதே கேள்விதான், தம்பி. என் தகப்பனாரின் குரலிலேயே கேட்டாய்.

பிறகு நான் உன் அம்மாவையும் உன்னையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு இந்தக் காட்டுக்கு வந்தேன். முதல் போகத்தை யானை மிதித்தது. அடுத்ததை வெள்ளம் கொண்டுபோனது. என் தோட்டத்தை முதலில் விற்றேன். அது காடு வெட்டவும் வீடு போடவும் போய்விட்டது. எருமை இல்லாமல் வயல் சேற்றை மிதிப்பிக்க முடியவில்லை. நீ கெட்டிக்காரன் என்று வாத்தியார் சொன்னார். யாழ்ப்பாணத்தில் விடுதியில் விட்டுப் படிப்பிக்க வேண்டும் என்றார். மற்றத் தோட்டம் என் பெயரில் சும்மா கிடந்தது. நல்ல அறுவடை ஒன்று வந்தால் அதைவிட நல்ல காணி அவளுக்கு வாங்கலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். விற்கிற அன்று அங்கேயிருந்த நொத்தாரிசு, வழக்கமாகக் கேட்கிற கேள்விதான், "இதிலை வேறை ஆருக்கும் உரித்து உண்டோ?" என்று கேட்டார். "இல்லை" என்றேன். அது ஒரு சொல். என்னைத் தடுக்க அந்த உறுதியில் ஒரு வரி இல்லை. ஒரு வரி இருந்திருந்தால் நான் அன்று திரும்பி வந்து வேறு வழி தேடியிருப்பேன். எருமையை வாடகைக்கு எடுத்திருப்பேன். உன்னை இரண்டு வருசம் பிந்தி அனுப்பியிருப்பேன்.

மூன்று வருசம் கழித்துப் புளியங்குளம் ஸ்ரேசனில் வேலை செய்த ஒரு பெடியனுக்கு அவளைக் கேட்டு வந்தார்கள். பெடியனின் தாயார் எங்கள் வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, "பொம்பிளை நல்ல பிள்ளை. சீதனமாய் என்ன எழுதுறியள்?" என்று கேட்டார். நான் "அறுவடை முடியட்டும், பிறகு பார்ப்பம்" என்றேன். அந்த அம்மாவுக்கு விளங்கிவிட்டது. "அப்ப நாங்களும் பிறகு சொல்லியனுப்புறம்" என்று எழும்பினார். சொல்லியனுப்பவில்லை. அவர்கள் போனபிறகு உன் மாமி வந்து தேத்தண்ணிப் பேணிகளை எடுத்தாள். எடுத்தபடியே, "அண்ணை, என்ரை தோட்டம் இருக்குத்தானே?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன். அவள் பேணிகளைக் கொண்டுபோய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"தம்பியின்ரை பள்ளிக்கூடத்துக்கோ?"

"பாதி. பாதி எருமைக்கு."

"அவனுக்குச் சொல்லாதைங்கோ அண்ணை. படிக்கிற பிள்ளை."

அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்த வழக்கு. அதற்குப் பிறகு பதினாறு வருசம் அவள் இந்த வீட்டில் சமைத்தாள், நெல் அவித்தாள். தண்ணீரூற்றுக் காணியை எங்களால் வாங்க முடிந்தபோது அவளுக்குக் கலியாண வயது கடந்திருந்தது. பூமணிக்குத் தன் தலையைத் தானே பின்னப் பழக்கினாள். ஒரு வருசம் பிடித்தது, பழக்கினாள். நீ விடுமுறைக்கு வரும்போதெல்லாம் உனக்குப் பனங்காய்ப் பணியாரம் சுட்டுவைத்து, நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒருநாள் ஏதோ கோபத்தில் உன் அம்மா, "சும்மா இருந்து சாப்பிடுறவைக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டாள். அன்றுதான் நான் உன் அம்மாவுக்கு உண்மையைச் சொன்னேன். உன் அம்மா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள், "விடுங்கோ மச்சாள், குழம்பு அடிப்பிடிக்கப்போகுது" என்றாளாம்.

உன் தலையில் இதை வைக்க எழுதவில்லை. நீ ஒன்றும் அறியாத பிள்ளை, செய்தவன் நான். அந்தக் காலத்தில் என்னைக் கெட்டவன் என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். கோயில் சபையில் இருந்தேன், வாய்க்கால் சண்டைக்கு என்னைத்தான் தீர்ப்புச் சொல்லக் கூப்பிட்டார்கள். தங்கச்சியில் எனக்கு அன்பில்லை என்றும் ஒருவரும் சொல்லமுடியாது. அப்படிப்பட்டவன்தான் அதைச் செய்தேன். உனக்கும் ஒரு மகள் இருக்கிறாள். அவளுக்குக் கலியாணம் பேச வருகிற நாளில், தண்ணீரூற்றில் வற்றாத கிணற்றோடு ஒரு காணி உன் கையில் இருக்கும். பூமணி கோழிகளோடு பேசிக்கொண்டிருப்பாள்; ஒன்றும் கேட்கமாட்டாள். பிறகு வாங்கிக் கொடுக்கலாம் என்று நீயும் நினைப்பாய், உண்மையாகவே நினைப்பாய். உன்னை நம்பாமல் எழுதினேன் என்று சொல்கிறாய். ஓம், நம்பாமல்தான் எழுதினேன். உன் வயதில் நான் எவ்வளவு நல்லவனாக இருந்தேன் என்பது எனக்குத் தெரியும்.

ஆகவே அந்த ஆறு வாசகங்களில் ஒரு சொல்லையும் மாற்றமாட்டேன். மரியாம்பிள்ளையின் பெயரை எடுக்கமாட்டேன். நீ கோபித்துக்கொண்டு இன்னும் ஐந்து வருசம் அம்மாவுக்கு மட்டும் கடிதம் எழுதினாலும் எடுக்கமாட்டேன். ஆடிப்பிறப்பு கழிந்து வருகிற புதன்கிழமை நாங்கள் முல்லைத்தீவு நொத்தாரிசிடம் போகிறோம். பொறுப்பை ஏற்றுக்கொண்டதாக நீயும் கையெழுத்து வைக்க வேண்டும். நீ வராவிட்டால் உன் இடத்துக்கு வேறொருவரின் பெயரை எழுதத்தான் வேண்டும் என்று நொத்தாரிசு சொல்கிறார். யாருடையதை எழுதுவது என்று கேட்டார். எனக்கு ஒரு பெயரும் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

போன மாதம் அவரிடம் தனியாகப் போயிருந்தேன். முன்பு போலச் சைக்கிளில் போக இப்போது மூச்சு இடம் கொடுக்கிறதில்லை; மாங்குளத்தில் பஸ் மாறி, பாதி நாள் பயணம். நீ வாசித்த நகலில் இல்லாத ஒரு வாசகத்தைச் சேர்க்கச் சொன்னேன். முதலாம் பொறுப்பாளர் வருசத்தில் ஒருமுறையாவது தானே நேரில் வந்து, காணியைச் சுற்றிப் பார்த்து, அந்த வீட்டில் ஒருநேரம் சாப்பிட்டுப் போகவேண்டும் என்று. நொத்தாரிசு பேனையை வைத்துவிட்டார். "காணி பார்க்கிறது சரி, ஐயா. சாப்பிட வேணும் எண்டு உறுதியிலை எழுதுறதோ? வராவிட்டால் எந்தக் கோட்டிலை போய் வழக்குப் போடுறது?" என்றார். "வழக்குப் போட வேண்டாம். எழுதுங்கோ" என்றேன். "மகள் தனிய இருப்பா எண்டோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அது முழு உண்மையில்லை. இந்த நொத்தாரிசுக்கும் முழு உண்மை சொல்லவில்லை. வயலை விட்டுவிட்டு உன் அம்மாவோடும் பூமணியோடும் தண்ணீரூற்று வீட்டுக்கே போய்விடலாம் என்று யோசிக்கிறேன். எத்தனை வருசம் என்று தெரியாது. அந்த வருசங்களில் நீ வந்து போகவேண்டும் என்று என் வாயால் கேட்க எனக்கு வரவில்லை. எழுத்தில் போட்டேன்.

முதல் ஆறும் பூமணிக்காக. அவற்றில் கை வைக்க உன்னை விடமாட்டேன். ஏழாவது எனக்காக எழுதியது. அது வேண்டாமென்று நீ சொன்னால், கையெழுத்து வைக்குமுன் அடித்துவிடச் சொல்கிறேன்.

உன் ஐயா